மின்னூல் கருவி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

காரைக்குடிக்காரன், ஆறு வருடமாகக் கருவியில்தான் படிக்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள், மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கானாடுகாத்தான் ஆச்சி: பத்து நிமிடத்துக்கு மேல் மனசு ஒட்டவில்லை தம்பி. கண்ணிலா கோளாறு?
கண்ணில் இல்லை ஆச்சி, கையில். காகிதப் புத்தகத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று வலது கட்டைவிரலுக்குத் தெரியும். இங்கே அது இல்லாததால்தான் தவிப்பு, கீழே ஓடும் சதவீதம் அதைக் கூட்டுகிறது, அணைத்துவிடுங்கள். எழுத்தை ரொம்பப் பெரிதாக்காதீர்கள், நம் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று சொல் நின்றால் படிப்பு நொண்டும். ஓரத்து வெள்ளையைக் குறையுங்கள். ஏற்கெனவே படித்த கதையில் தொடங்குங்கள். பகலில் முற்றத்தில் உட்கார்ந்தால் திரை விளக்கே வேண்டாம். ஊஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள்.

தேவகோட்டை: போன் போதாதா?
போதும், வாட்ஸப் வராவிட்டால். கருவியில் இருப்பது மின்மைத் திரை (இ-இங்க்), அதில் கறுப்பும் வெள்ளையுமாய்த் துகள்கள் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் புரட்டும்போதுதான் மின்சாரம் முக்கியமாய்ச் செலவாகும், அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது.

பள்ளத்தூர்: பிடிஎஃப் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறதே அண்ணே?
ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் போட்டோ. ஆறு அங்குலத் திரையில் சுருங்கத்தான் செய்யும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் கிடைத்தால் அதை எடுங்கள், எழுத்து திரைக்குத் தக்கபடி மடங்கும். பழைய இலக்கியத்தை மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் 1998லிருந்து தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது.

புதுவயல்: பிடிஎஃப் ஏன் சின்னதாகத் தெரிகிறது?
மேலே பாருங்கள்.

கோட்டையூர்: புத்தக வாசனை இல்லாமல் என்ன படிப்பு?
உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! உங்கள் ஊர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை, அவர் போனபின் 1994இல் சென்னையில் நூலகமாக்கி, பக்கங்களை மைக்ரோஃபிலிம் என்ற சின்னப் படச்சுருளில் எடுத்துக் காப்பாற்றினார்கள். பூட்டிய வளவு வீடுகளில் கரையான் தின்றவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாசனை பிடிக்க இப்போது எது மிச்சம்?

கோட்டையூர் மறுபடி: ஃபிலிமும் கருவியும் ஒன்றா? அங்கே மூலப் புத்தகமும் இருக்கிறதே.
சரி, அது நியாயம். இரண்டும் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை முதலில் தூசு தட்டுங்கள்.

குன்றக்குடி: என் பிடிஎஃப்பும் சின்னதாக...
ஐயா, மேலே!

ஆத்தங்குடி: உறை அவசியமா?
அவசியம். என் முதல் கருவியை ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். மாமா வந்து உட்கார்ந்தார். இன்றும் அந்தத் திரையில் பாதிப் பக்கம் உறைந்து நிற்கிறது.