வட கொரியாவுக்குச் சுற்றுலா போனால் முதல் நாள் எப்படி இருக்கும்? பயமாக இருக்குமா?

இருக்கும். ஆனால் போலீஸ், துப்பாக்கி என்று நாம் கற்பனை செய்துகொண்டு போகிற பயம் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அதற்குப் பதிலாக வேறொரு கவலை வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் போனது 2019-இல், கோவிட்டுக்கு முன்னால். தனியாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. பெய்ஜிங்கில் ஏற்பாடு செய்து கொடுப்பவர்கள் மூலம் ஒரு குழுவோடு போனேன். அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வட கொரிய விசா பெரிய சிரமமாக இல்லை. திரும்பவும் பெய்ஜிங் வழியாகத்தான் வர வேண்டியிருந்ததால், இருமுறை நுழைய அனுமதிக்கும் சீன விசா வாங்குவதுதான் அலைச்சலாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய இரவு தூக்கமே இல்லை. காரணம் ஓட்டோ வார்ம்பியர். 2015 டிசம்பர் கடைசியில் இதே மாதிரிச் சுற்றுலா போன அமெரிக்க மாணவர். ஹோட்டலில் ஒரு பிரசாரப் பதாகையைத் திருட முயன்றதாகச் சொல்லி 2016-இல் 15 ஆண்டு கடுங்காவல் தண்டனை கொடுத்தார்கள். 2017 ஜூனில் கோமாவில் ஊருக்கு அனுப்பப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். இதையெல்லாம் படித்துவிட்டு வட கொரிய அரசின் ஏர் கோரியோ விமானத்தில் ஏறினால், அவர்கள் தருகிற ஆறிப்போன பர்கர் எப்படித் தொண்டையில் இறங்கும்?

தலைநகர் பியோங்யாங்கின் சுனான் விமான நிலையத்தில் எங்களைக் குடைந்தது சுங்கத்துறை. புத்தகம் இருக்கிறதா, கேமரா எத்தனை என்று கேட்டார்கள். என் போனை வாங்கிய அதிகாரி போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தங்கை கல்யாணப் படங்கள் வந்ததும் கை நின்றது. பட்டுப்புடவைக் கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். மிரட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

வெளியே இரண்டு வழிகாட்டிகள் காத்திருந்தார்கள். எப்போதும் இரண்டு பேர்தான். நம்மையும் கவனிப்பார்கள், ஒருவரை ஒருவரும் கவனிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இடது மார்பில் தலைவர்கள் படம் போட்ட பேட்ஜ். பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

அன்றே மன்சு குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். மறைந்த தலைவர்கள் கிம் இல் சுங், கிம் ஜோங் இல் இருவருக்கும் 20 மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலச் சிலைகள். பூங்கொத்து வைத்து, வரிசையாக நின்று குனிந்து வணங்க வேண்டும். பாக்கெட்டில் கை விடக்கூடாது, சிலையைப் போல் போஸ் கொடுக்கக்கூடாது, படம் எடுத்தால் தலை முதல் கால் வரை முழுசாக வர வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் எடுத்த படத்தில் ஒரு சிலையின் கால் வெட்டுப்பட்டிருந்தது. மூத்த வழிகாட்டி அருகில் வந்து, அழித்துவிடுங்கள் என்று மெதுவாகக் கெஞ்சினார். அவர் கண் எங்கள் மேல் இல்லை, சுற்றுமுற்றும் போய்க்கொண்டிருந்தது. நமக்கு ஏச்சோடு போகலாம், அவருக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் அப்போது வந்ததுதான், பயணம் முடியும்வரை விடவில்லை. எதையும் கேட்பதற்கு முன் யோசித்தேன். பதில் சொல்வதால் அவருக்கு வம்பு வரும் என்று தோன்றிய கேள்விகளை விழுங்கிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு பரவாயில்லை. கிம்ச்சி, முட்டை, மீன் என்று சின்னச் சின்னத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. சோறு கடைசியில்தான் வந்தது, அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தங்கியது தேடோங் ஆற்றுத் தீவில் இருக்கும் 47 மாடி யாங்கக்தோ ஹோட்டல். லிஃப்டில் 5-ஆம் மாடிக்குப் பொத்தான் கிடையாது. வெளியாள் போகக்கூடாத அந்த மாடியை யாரும் தேடிப் போகாதீர்கள், நானும் போகவில்லை. வழிகாட்டி இல்லாமல் தீவைத் தாண்டக்கூடாது. ஆனால் அறை டிவியில் அல் ஜசீரா ஓடியது! உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்காத செய்தி, நமக்குக் கட்டிலில் படுத்தபடி.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: 2020 ஜனவரியில் எல்லையை மூடினார்கள். 2024-இல் ரஷ்யர்களை மட்டும் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் வடகிழக்கு மூலையில் இருக்கும் ராசோன் பகுதியை மற்ற நாட்டவருக்கும் திறந்து, சில வாரங்களிலேயே மறுபடி சாத்திவிட்டார்கள். அதனால் பணம் கட்டும் முன், கடைசி நேரத்தில் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யூரோவோ யுவானோ சில்லறை நோட்டுகளாகக் கொண்டு போங்கள். கார்டு வேலைக்கு ஆகாது.