மேற்கே மேகம் கட்டும்போது: சிறு விமானம் பற்றி வாசகர் கேள்விகள்

சித்திரை பிறந்ததில் இருந்து மத்தியானத்துக்கு மேல் பொதிகைப் பக்கம் மேகம் கட்டுவதும் சாயங்காலம் இடி மழை இறங்குவதுமாக இருக்கிறது. அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிறு விமானமும் கோடை மழையும் பற்றித்தான். பல வருடம் செஸ்னா என்ற சிறு விமானத்தில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, என் மகன் வெளியூரில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். போன வாரம் தனியாக இன்னொரு ஊருக்குப் பறக்க வேண்டிய நாளில், பாதி வழியில் மேகத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கிளம்பிய பையன் போய்ச் சேர்ந்துவிட்டானாம். “என்னைப் பயந்தவன்னு நினைப்பாங்களோ அம்மா” என்று அழாத குறையாகப் பேசினான். நான் அவனுக்கு என்ன சொல்ல?
(ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

அம்மா, இதைப் படித்து முடித்ததும் ஃபோன் போட்டு “நீ செஞ்சதுதான் சரி” என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

திரும்பி வந்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு, தான் எடுத்த முடிவு சரி என்பதற்குச் சாட்சியே கிடைக்காது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் காட்ட முடியாது. போய்ச் சேர்ந்தவனோ கண்முன்னால் நிற்கிறான், அதனால் அவன் கெட்டிக்காரன் போலத் தெரிகிறான். ஆனால் இருவரும் பார்த்தது ஒரே மேகத்தை இல்லை. கோடையில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாகக் குமியும் மேகம் அரை மணி நேரத்தில் இடிமேகமாக முற்றிவிடும், இன்னொரு அரை மணியில் கொட்டித் தீர்த்துக் கரைந்தும் போகும். பின்னால் வந்த பையனுக்கு அது வழி விட்டிருக்கலாம். உங்கள் மகன் தன் கண்ணில் பட்ட மேகத்தை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும், அதைத்தான் செய்திருக்கிறான்.

எப்போது திரும்ப வேண்டும் என்பதை நான் தரையில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுவேன். எந்த ஊருக்கு மேல் வரும்போது எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவாய், அங்கே போக எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று ஒரு காகிதத்தில். கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு 10,000 அடிக்குக் கீழே சட்டம் கேட்பது 5 கிலோமீட்டர் பார்வையும், மேகத்தில் இருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி விலகலும்தான். செஸ்னா 5 கிலோமீட்டரை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். அந்த எல்லை வரை போய்ப் பார்க்கலாம் என்று இருந்தால் யோசிக்கவே நேரம் இருக்காது. பலத்த இடிமேகம் என்றால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது உலகம் முழுக்கச் சொல்லித் தரும் கணக்கு. திருநெல்வேலி ஜங்ஷனில் நின்றால் வான்வழியாகப் பாபநாசம் வரை உள்ள தூரம் அது. இரண்டு மேகங்களுக்கு நடுவே நுழைவதானால் அதைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும்.

திரும்புவது எவ்வளவு சுலபம் என்பதையும் அவனுக்கு நினைவுபடுத்துங்கள். 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டரில், நிதானமாகத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் விமானம் வந்த திசையைப் பார்த்து நிற்கும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் புகுந்த மாதிரியான நிலையில் விட்டுப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம் கூட இல்லை. மேகத்துக்கு வெளியே இருக்கும்போதே அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட்டான் உங்கள் பிள்ளை.

அனுபவசாலிகள் தப்பித்துக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட் கிராஸ்ஃபீல்டு என்ற சோதனை விமானி, 1953-இல் ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் முதன்முதலில் பறந்த மனிதர். 2006 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தன் சிறிய செஸ்னா 210-இல் இடிமேகத்துக்குள் சிக்கி இறந்தார். அப்போது வயது 84. கிளம்பிய பிறகு வானிலை மாறியதை அவர் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, தரையில் இருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளரும் சொல்லவில்லை என்று விசாரணை சொன்னது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

மேகத்துக்கு மேலே ஏறித் தாண்டலாமே? இல்லாவிட்டால் அடியில் புகுந்து போகலாமே, அந்தப் பக்கம் வெளிச்சம்தான் தெரிகிறதே?
(கல்லூரி மாணவர், சுரண்டை)

தம்பி, செஸ்னா 172 ஏறக்கூடிய உயரம் சுமார் 14,000 அடி, நான்கே கால் கிலோமீட்டர். நம் பக்கத்து இடிமேகம் 15 கிலோமீட்டர் வரை வளரும். அந்தப் போட்டி வேண்டாம்.

அடியில் புகுவதுதான் ஆட்களைக் கொல்கிறது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிவதுதான் இழுக்கும். மழையோடு சேர்ந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். அதற்குள் நுழைபவனுக்கு முதலில் எதிர்காற்று, நன்றாகப் பறக்கிற மாதிரி இருக்கும், அடுத்த சில விநாடியில் கீழே அமுக்கும், உடனே காற்று முதுகுப் பக்கம் மாறி வேகம் போய்விடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் பெரிய ஜெட் விமானமே இப்படித்தான் விழுந்தது, 137 பேர் இறந்தார்கள். ஜெட்டுக்கே அந்தக் கதி என்றால், 180 குதிரைசக்தி எஞ்சினை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் தெரிந்துகொள். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால் அப்போது திரும்பக் கூடாது. வேகத்தைக் குறைத்து, இறக்கையை மட்டமாக வைத்து, உயரம் ஏறி இறங்கினால் அதைத் துரத்தாமல் நேரே வெளியேறப் பார்க்க வேண்டும். உள்ளே திருப்பினால் இறக்கைக்கு அழுத்தம் கூடும், மேகத்துக்குள் இருக்கும் நேரமும் கூடும்.

இப்போதுதான் கையிலேயே ரேடார் படம் வருகிறதே. அதைப் பார்த்து வளைந்து வளைந்து போய்விட முடியாதா?
(வாசகர், கோவில்பட்டி)

கிளம்புவதற்கு முன்னால் பாருங்கள், அவசியம் பாருங்கள், மின்னலுக்கு ‘தாமினி’ செயலியையும் பாருங்கள். பறக்கும்போது அதை வைத்து மேகங்களுக்கு நடுவே சந்து தேடாதீர்கள். காக்பிட் திரையில் வரும் படம், அதில் போட்டிருக்கும் நேரத்தை விட 15, 20 நிமிடம் பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-லேயே எச்சரித்தது. அரை மணியில் கோடை மேகம் முற்றிவிடும் என்று மேலே சொன்னேனே, அதில் பாதி நேரம் இதிலேயே போய்விடும். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருவனந்தபுரம் ரேடார் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இந்தப் பக்கம் தாழ்வாக நடப்பதைப் பொதிகை மறைக்கும். ரேடார் எவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும் என்று யோசிக்க உதவும், சந்து கண்டுபிடிக்க உதவாது.

திருநெல்வேலிப் பக்கம் பறக்கும் சிறு விமானம் வழி மாற வேண்டுமானால் எங்கே போகும்?
(வாசகர், ஆலங்குளம்)

வாகைக்குளம் தூத்துக்குடி விமான நிலையம்தான் நமக்குப் பக்கம், அதன் ஓடுபாதையை இப்போது 1,350 மீட்டரில் இருந்து 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். அங்கே மழை என்றால் வடக்கே மதுரை. வரைபடத்தில் திருவனந்தபுரமும் பக்கம்தான், ஆனால் நடுவில் மலை இருக்கிறது, அகத்தியர் மலை மட்டுமே 1,868 மீட்டர். கோடை மத்தியானத்தில் முதலில் மேகம் கட்டுவதே அந்த மலை மேல்தான். அதனால் மத்தியானத்துக்கு மேல் திருவனந்தபுரத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். 40 டிகிரி அடிக்கும்போது கடல் மட்டத்தில் நிற்கும் விமானம்கூட 3,000 அடி உயரத்தில் நிற்பது போலத்தான் நடந்துகொள்ளும். எழும்ப அதிக தூரம் ஓடும், ஏறுவது மெதுவாகும். காலை ஏழு மணிக்குக் கிளம்பு என்று பிள்ளைகளை விரட்டியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சாரல் காலத்தில் இடி இல்லையே, அப்போது பயமில்லாமல் பறக்கலாமா?
(வாசகி, தென்காசி)

இடி குறைவுதான், ஆனால் மேற்கே இருந்து வீசும் மேல்காற்று இருக்கிறது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்றுக்காகத்தானே அத்தனை காற்றாலைகள் நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் உருண்டு விழும், வானம் நீலமாக இருக்கும்போதே விமானத்தைத் தூக்கிப் போடும். மலை முகட்டுக்கு மேல் குறைந்தது 2,000 அடி இருக்க வேண்டும். நேராகப் போகாமல் 45 டிகிரி சாய்வாக அணுகினால் சட்டென்று ஒதுங்க வசதி.

நீங்கள் திரும்பி வந்ததுண்டா?
(வாசகர், களக்காடு)

பல தடவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மே மாதம், மதுரையில் இருந்து வாகைக்குளத்துக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், 40 நிமிட வேலை. மறுநாள் காலை அவர் மகளுக்கு வளைகாப்பு. எட்டயபுரம் நெருங்கும்போது தெற்கே அடிவானம் மைக்கூடு கவிழ்த்த மாதிரி இருந்தது, மின்னல் வேறு. காகிதத்தில் எழுதியிருந்த இடம் எட்டயபுரம்தான். டவரிடம் சொல்லிவிட்டு மதுரைக்கே திருப்பிவிட்டேன். அவர் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. மதுரையில் பஸ் ஏறி ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் இருந்து கூப்பிட்டார், “ஏழு மணிக்கெல்லாம் இங்க வானம் வெளுத்துட்டாம், காத்திருந்து வந்திருக்கலாமே” என்றார். ஏழு மணிக்கு இருட்டிவிடும், நான் பகலில் மட்டும் பறக்கிறவன் என்று சொன்னேன். காலையில் நேரத்தோடு வளைகாப்புக்கு நின்றிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பேரனைக் கூட்டிக்கொண்டு விமானம் காட்ட வந்தார்.