தசை தளர்த்தி மருந்தால் விரல் மரத்துப் போகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். ஆபரேஷனின்போது பிரஷர் 80/50க்கு இறங்கியதாம். அன்றிலிருந்து இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தே இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அட்ராகூரியம்' என்ற தசை தளர்த்தி மருந்து கொடுத்ததாக இருக்கிறது. அது நரம்பைக் கெடுத்துவிட்டதா?

பதில்: விரல் மரத்ததற்கு அந்த மருந்து காரணமாக இருக்க வழியில்லை. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையைச் சேர்ந்தால்தான் தசை சுருங்கும். தசையில் அது வந்து சேர வேண்டிய இடத்தை அட்ராகூரியம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நரம்புக்குள் அதற்கு வேலை இல்லை. அசைவைத்தான் நிறுத்துமே தவிர, தொடு உணர்ச்சியை ஒன்றும் செய்யாது. அதனால்தான் தூங்க வைக்கவும் வலி தெரியாமல் இருக்கவும் வேறு மருந்துகள் கொடுக்கிறோம். ஒரு டோஸின் வேலை சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்து, மருந்து ரத்தத்திலேயே சிதைந்துவிடும்.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு விரல்கள்தான் துப்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல் இருக்குமே, அந்த அல்நார் நரம்பு போய்ச் சேரும் இடம் அவை. ஆபரேஷன் மேசையில் கை ஒரே நிலையில் அழுந்திக் கிடந்தால், என்னதான் பஞ்சு வைத்தாலும் சிலருக்கு இப்படி ஆகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனாலும் மூன்று வாரம் ஆகிவிட்டதால் இப்போதே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால், நரம்பில் மின் சைகை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்வார். பிடி தளர்ந்தாலோ, விரல்களை விரிக்க முடியாவிட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது. முழங்கையை மடக்கித் தூங்குவதும் மேசையில் ஊன்றுவதும் வேண்டாம்.

அப்புறம், பிரஷர் விஷயம். இங்கே அட்ராகூரியத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம். வேகமாக ஏற்றினால் அது உடலில் ரத்தக்குழாய்களை விரிக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கிளப்பி, முகம் சிவந்து, பிரஷரைக் கொஞ்ச நேரம் இறக்கும். வெக்கூரோனியம் என்ற இன்னொரு தசை தளர்த்தியில் இது அரிது. அதே வகையில் பழைய மருந்தான பான்கூரோனியமோ இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். ஆனால் பெரும்பாலும் பிரஷரை இறக்குவது தூங்க வைக்கும் புரோபோஃபால்தான். பித்தப்பை ஆபரேஷனில் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் சேர்ந்துகொள்ளும். அன்று காலை டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை போட்டிருந்தால் இன்னும் இறங்கும். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகளை நாமாக நிறுத்துவது ஆபத்து.

பிரஷர் இறங்கியபோது உடம்பெங்கும் தடிப்போ மூச்சிழுப்போ வந்ததா என்று மட்டும் அந்த மருத்துவமனையில் கேளுங்கள். வந்திருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மயக்கத்தின்போது வரும் கடும் ஒவ்வாமைக்குத் தசை தளர்த்திகள் ஒரு முக்கியக் காரணம். அப்படி இருந்தால் அந்த விவரத்தை எழுதி வாங்கி, ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்துகொண்டு, அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.