டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு குறையுமா?

உடல் சோர்வுக்காக ஆறு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போட்டு வரும் தங்களுக்கு, விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று வந்ததன் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த ஊசியே காரணமாக இருக்கலாம்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு ஹார்மோன்களைச் சுரந்துதான் விந்தகங்களை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், தேவை தீர்ந்துவிட்டதாகக் கொண்டு அவ்விரண்டையும் அது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. விந்தணு உருவாக, இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவான டெஸ்டோஸ்டிரோன் விந்தகத்துக்குள் வேண்டும். அதை விந்தகமே சுரக்க வேண்டும், ஊசியால் ஈடுசெய்ய இயலாது. இதனால்தான் இரத்தப் பரிசோதனைத் தாளில் எண் உயர்ந்து நிற்கும்போதே, நுண்ணோக்கியின் கீழ் ஓர் அணுவும் தென்படாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே ஆராய்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டது.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி மீள்கிறது. ஓர் அணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆவதால், பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் பொறுத்திருக்க நேரும். மனைவியைப் பரிசோதனை பரிசோதனையாக அலைய விட்ட பிறகே சிலர் இந்த ஊசியைப் பற்றி வாய் திறக்கிறார்கள் என்பது வேதனை. மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், எல்.எச். போலவே விந்தகத்தைத் தூண்டும் எச்.சி.ஜி. போன்ற மருந்து தேவையா என்பதையும், வேறு காரணம் உண்டா என்பதையும் அவர் தீர்மானிப்பார்.