அம்மாவின் இடுப்பு வலியும் மூளையில் நடக்கும் மாற்றமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறார். நாலு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது; ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். மாத்திரை, பெல்ட், எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. போன மாதம் பார்த்த டாக்டர், “வலி இப்போது முதுகில் மட்டும் இல்லை, நரம்பும் மூளையும் அதற்குப் பழகிவிட்டது” என்றார். அன்றிலிருந்து அம்மா, “எனக்கு மூளைக் கோளாறுங்கிறாரா, நடிக்கிறேங்கிறாரா?” என்று அழுகிறார். நாள்பட்ட முதுகு வலியால் மூளை சுருங்கும் என்று படித்துவிட்டு நானும் பயந்துபோய் இருக்கிறேன். இது உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: தம்பி, அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: அவர் நடிக்கவில்லை, மூளைக் கோளாறும் இல்லை. அந்த வலி நூற்றுக்கு நூறு நிஜம். டாக்டர் சொன்னது சரியான விஷயம்தான். ஆனால் அதை ஒரு வரியில் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் சுருக்கென்று இருக்கும். விவரமாகப் பார்ப்போம்.

முதுகில் தசையோ சவ்வோ டிஸ்க்கோ அடிபட்டால், அங்கிருக்கும் நரம்பு முனைகள் தண்டுவடம் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி வலியாக மாறுவது மூளையில்தான். இது எல்லா வலிக்கும் பொருந்தும். காலில் முள் குத்தினாலும் அப்படித்தான். சாதாரண சுளுக்கு, பிடிப்பு எல்லாம் சில வாரங்களில் ஆறிவிடும். மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அடிபட்ட இடம் ஆறியிருக்கும். ஆனால் செய்தியைக் கடத்துகிற நரம்பு செல்கள் கூர்மையாகிவிட்டிருக்கும். முன்பு பத்து பங்கு தூண்டுதலுக்கு எழுந்தவை இப்போது இரண்டு பங்குக்கே எழுகின்றன. ஒருமுறை திருடன் ஏறிக் குதித்த வீட்டு நாய், அப்புறம் தபால்காரர் வந்தாலும் குரைக்கும். குரைப்பு பொய்யில்லை, நாய்க்குப் பைத்தியமும் இல்லை. காவல்தான் அளவு மீறிப் போய்விட்டது. குனிந்து குடத்தைத் தூக்கினால் அம்மாவுக்கு உயிர் போவது இதனால்தான். அந்த நேரத்தில் முதுகில் புதிதாக எதுவும் கிழிவதில்லை.

இனி, மூளை சுருங்கும் என்று நீங்கள் படித்தது. அந்தச் செய்திக்கு மூலம், 2004-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியன் குழுவினர் செய்த ஆய்வாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் முதுகு வலி இருந்த 26 பேரின் மூளையை, வலி இல்லாதவர்களின் மூளையோடு ஒப்பிட்டார்கள். வலி இருந்தவர்களுக்கு மூளையின் மேற்பரப்பிலுள்ள சாம்பல் நிறப் பகுதி 5 முதல் 11 சதவீதம் குறைவாக இருந்தது. வயதாவதால் 10, 20 வருடத்தில் வரும் குறைவுக்கு அது சமம் என்று எழுதினார்கள். படித்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அளவு குறைந்தது என்றால் செல்கள் செத்துவிட்டன என்று பொருளில்லை. 2011-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ எடுத்துக்கொண்டவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தது. நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம், வலியைக் கட்டுப்படுத்துவதிலும் கவனத்தைச் செலுத்துவதிலும் பங்குள்ள ஒரு பகுதி முன்பு மெலிந்திருந்தது. அது மறுபடி தடித்திருந்தது. யாருக்கு வலி நன்றாகக் குறைந்ததோ, யாருக்கு நடமாட்டம் கூடியதோ, அவர்களுக்கே மாற்றமும் அதிகம். வலி குறைந்தால் மூளையும் திரும்பி வருகிறது. முதல் ஆய்வை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்கிற அநியாயம் என்பேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். புதிதாக முதுகு வலி வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. யாருக்கு வலி நின்றுபோகும், யாருக்குத் தங்கும் என்பதை முதுகை வைத்து அல்ல, உணர்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள இரண்டு மூளைப் பகுதிகளின் பிணைப்பை வைத்து ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிந்தது. அடுத்த வருடம் வந்த ஆய்வில், வலி நாள்பட நாள்பட மூளையில் அதன் வேலை உணர்ச்சி சார்ந்த பகுதிகளுக்கு நகர்வது தெரிந்தது. சரியாகத் தூங்காத மறுநாள், குழுக்காரர் தவணை கேட்டு வந்த நாள், வீட்டில் சண்டை நடந்த நாள், அன்றெல்லாம் வலி கூடுகிறதா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், “எல்லாம் மனசுதான்” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கவலையும் வலியும் ஒரே நரம்புப் பாதைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

சரி, டிஸ்க் பிதுங்கியிருக்கிறதே? வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். அம்மாவின் வயதில், அதாவது ஐம்பதுகளில், நூற்றுக்கு அறுபது பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே முப்பது பேருக்கு இருந்தது. அந்த ரிப்போர்ட்டைத் தீர்ப்பு மாதிரி அலமாரியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்ட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்த பின் வந்த வலி, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி என்றாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் அம்மா தைரியமாக அசையலாம்.

அசைவதுதான் மருந்து, அளவுதான் முக்கியம். நம் ஊர்ப் பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: வலி குறைந்த நாளில் துணி, பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள், அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். இந்த ஏற்ற இறக்கம் நரம்பை மேலும் உசுப்பிவிடும். வலி அதிகமான நாளிலும் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ, அதில் ஆரம்பியுங்கள். ஏழு நிமிடம் என்றால் ஏழு நிமிடம். வலி இல்லாத நாளிலும் அதற்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறீர்களா, மணலில் வேண்டாம், சாலையோரம் சமதளத்தில் நடக்கட்டும். நடக்கும்போது வலி கொஞ்சம் கூடி, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது ஆபத்தில்லை. இந்த வாக்கியத்தை அம்மா நம்பத் தொடங்கினால் பாதிக் காவல் தளரும்.

வேலையை விடச் சொல்ல மாட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, நாலு அடி நடந்து, இடுப்பை மெல்லப் பின்னால் வளைத்துவிட்டு உட்காரட்டும். தரையில் உட்காருகிறார் என்றால் கீழே ஒரு பலகை கொடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் பெல்ட்டையும், கட்டி இழுக்கிற ட்ராக்‌ஷன் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், பயத்தைக் குறைக்கும் ஆலோசனை இவற்றைப் பரிந்துரைக்கிறது. எண்ணெய் தேய்ப்பது அம்மாவுக்குச் சுகமாக இருந்தால் தொடரட்டும். அதை நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஆலோசனை என்றதும் அம்மா மறுபடி முகம் சுளிப்பார். அமெரிக்காவில் 151 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2022-ல் அச்சில் வந்தது. “இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல” என்று மூளைக்கு மறுபடி கற்றுத்தரும் பயிற்சியை நான்கு வாரம் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ போய்விட்டது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. ஒரே ஆய்வு, அதுவும் மிதமான வலி உள்ளவர்கள், ஆகவே எல்லோருக்கும் இதே பலன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பயம் குறைந்தால் வலி குறையும் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை அம்மா தினமும் போடுகிறார் என்றால் உடனே அதைப் பேச வேண்டும். வருடக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். நரம்பின் கூர்மையைக் குறைக்கும் வேறு வகை மாத்திரைகள் உண்டு. சில மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுபவை. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம், வலிக்குத்தான் கொடுப்பார்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரின் உடலியல் மறுவாழ்வுத் துறையிலோ காட்டலாம். அடிக்கடி பஸ் ஏற முடியாது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். போகும்போது பழைய ஸ்கேனை விட, அம்மா இப்போது போடும் மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.