வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம்? டீச்சர் பதில்கள்

கேரளத்தின் சித்தூர் வட்டத் தமிழ்வழிப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியை, பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கொழிஞ்சாம்பாறை: பையன் அஞ்சாம் வகுப்பு, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். என்ன வாங்கட்டும் டீச்சர்?

அட்டையை விடுங்கள், நடுப்பக்கத்தைத் திறங்கள். பெரிய எழுத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு வரி போதும். 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' போன்ற நீளச் சொற்கள் அடிக்கடி வந்தால் வைத்துவிடுங்கள். வரிக்கடைசியில் இடம் போதாமல் சொல்லை உடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தமிழில் பெரும்பாலும் உடைத்த இடத்தில் கோடு போடுவதில்லை. 'வந்தி' மேலேயும் 'ருந்தான்' கீழேயும் கிடந்தால், பிள்ளை இரண்டையும் தனிச்சொல்லாக வாசித்துவிட்டு முழிக்கும். அப்புறம், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாக வேண்டாம். பத்து வயதுக்காரனுக்குப் பாம்பு, லாரி, கால்பந்து கொடுங்கள்.

மறையூர்: காசில்லாமல் கிடைக்குமா?

குழந்தைப் புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசம், அச்சிடவும் செய்யலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். நிலையை மட்டும் நம்பாதீர்கள், வாசித்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

வேலந்தாவளம்: ஊரில் நன்கொடையாகக் கேட்கலாமா?

கேளுங்கள். ஆனால் கைடு, வினாவிடை, பழைய வார இதழ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டிப்பெரியாறு: புத்தக முதுகில் வகுப்பு எண் ஒட்டலாமா?

கூடாது. '1' ஒட்டிய புத்தகத்தை அஞ்சாம் வகுப்புப் பிள்ளை தொடாது.

கோவிந்தாபுரம்: ஒட்டாவிட்டால் தடித்த புத்தகமாக எடுத்துப் படம் பார்த்துவிட்டு வைக்கிறார்கள். நிறப்புள்ளி வைக்கலாமே?

எந்த நிறம் யாருக்கு என்பது ஒரே வாரத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். படம் பார்ப்பதும் தப்பில்லை.

கோவிந்தாபுரம்: நாற்பது பிள்ளைகளுக்கும் நானே தேடிக் கொடுக்க நேரம் ஏது டீச்சர்?

அது நியாயம். உள்ளட்டையில் பென்சிலால் உங்களுக்கு மட்டும் புரிகிற குறி போடுங்கள், பெட்டியில் எல்லாம் கலந்தே கிடக்கட்டும். ஒரு பக்கம் வாசித்து, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். அஞ்சும் மடங்கினால் வேறு புத்தகம். இரண்டே வரிப் பக்கமானால் இரண்டு விரலே அதிகம். நன்றாக வாசிப்பவர்களும் இதைச் செய்யட்டும்.

கோவிந்தாபுரம்: எளிய புத்தகம் எடுக்க வெட்கப்படுகிறானே?

ஒண்ணாம் வகுப்புக்கு வாசித்துக்காட்டும் வேலையை அவனிடம் கொடுங்கள். அதற்காக முந்தின நாளே நாலு தரம் வாசித்துப் பார்ப்பான்.

மூணாறு: நன்கொடையாக மூட்டை மூட்டையாகக் கைடு வந்திருக்கிறது...

வேலந்தாவளத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள்.

தேவிகுளம்: நன்கொடை வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கைடு.