பாடிகார்டு காதல் கதை என்று 'கின்போர்ஷ்' என்ற தாய்லாந்துத் தொடரை ஆரம்பித்தேன். முதல் இரண்டு பகுதிகள் ஒரே கூத்தாக இருக்கின்றன. தொடர்ந்து பார்க்கலாமா?

பாருங்கள். ஆறாம் பகுதி வரை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மொத்தம் 14 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும்.

முதலில் எந்த வடிவத்தைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை சனிக்கிழமைகளில் தாய்லாந்தின் ஒன்31 சேனலில் வந்தது வெட்டிய வடிவம். ஐச்சியி (iQIYI) என்ற இணைய வீடியோ தளத்தில் 'லா ஃபோர்டே' என்ற பெயரில் இருப்பதுதான் முழு வடிவம். வெட்டுப்பட்டவை பெரும்பாலும் நெருக்கமான காட்சிகள். இந்தக் கதையில் மாஃபியா வீட்டு மகன் கின், அவனுடைய பாடிகார்டு போர்ஷ் என்ற இரண்டு ஆண்களுக்கும் இடையே அதிகாரம் கைமாறுவதே அந்த இடங்களில்தான். அவை இல்லாவிட்டால் போர்ஷ் ஏன் திடீரென்று மாறுகிறான் என்றே பிடிபடாது. முழு வடிவம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது.

பெயர்கள்தான் அடுத்த குழப்பம். தீரபன்யாகுன் குடும்பம் இரண்டு கிளைகள் கொண்ட மாஃபியா. பெரிய வீட்டின் தலைவர் கோர்ன். அவருடைய மகன்கள் தங்குன், கின், கிம். சின்ன வீட்டுத் தலைவர் அவருடைய தம்பி. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேகாஸ், மக்காவ். தாய்லாந்தில் எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு, கார், ஊர் என்று எதை வேண்டுமானாலும் வைப்பார்கள். அதனால் இந்தப் பெயர்களைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்புக் கோட்டில் பின்னால் நிற்கும் பாடிகார்டுகளில் பீட்டை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். பிற்பாதியில் பாதிக் கதை அவன் தோளில்தான்.

இப்போது அந்தக் கூத்து. மதுக்கூடத்தில் வேலை செய்யும் போர்ஷ், துரத்தப்பட்டு ஓடிவரும் கின்னைக் காப்பாற்றுவதற்கே பணம் பேசுகிறான். பிறகு மாமாவின் கடன் கழுத்தை நெரிக்க, தம்பிக்காகவும் வீட்டுக்காகவும் வேறு வழியில்லாமல் பாடிகார்டு வேலையில் சேர்கிறான். விசுவாசம் துளியும் கிடையாது. அதனால்தான் தங்குன் வளர்க்கும் கோய் என்ற அலங்கார மீன்களால் வரும் களேபரமும், தண்டனைகளும், முறைப்புகளும் அவ்வளவு நீளம். அடங்காத ஒருவனை அடக்கப் பார்த்து அந்த வீடு தோற்கிறது என்பதைச் சிரிப்பாகவே காட்டிவிடுகிறார்கள். தங்குனின் ஆட்டபாட்டத்துக்கும் பின்னால் பழைய காயம் ஒன்று இருக்கிறது. நீளம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வீண் இல்லை.

சண்டைகள் ஆரம்பத்திலிருந்தே நன்றாக இருக்கும். இயக்குநர்களில் ஒருவரான கொங்கியாட் கொம்சிரி அடிதடிப் படங்களில் தேர்ந்தவர். போர்ஷாக வரும் நடிகர் அப்போவின் உடல்மொழியைப் பாருங்கள்: கூலிக்கு நிற்கும்போது தோள் ஒரு மாதிரி, தானாக விரும்பி நிற்கும்போது வேறு மாதிரி. கின்னாக வரும் நடிகர் மைல், முதல் மூன்று பகுதிகளில் விறைப்பாகத் தெரிவார், பாத்திரமே அப்படித்தான்.

பலர் பாதியில் விட்டுவிடுவது நான்காம் பகுதியில். விருந்து ஒன்றில் போர்ஷுக்கு யாரோ மயக்கமருந்து கொடுத்துவிடுகிறார்கள். அந்த நிலையில் கின்னுடன் நடக்கும் உறவில் சம்மதம் என்று எதைச் சொல்வது? சம்பளம் கொடுக்கும் முதலாளி, மருந்தேறிய பாடிகார்டு. அழகான வெளிச்சமும் இசையும் போட்டு அதைக் காதல் காட்சிபோல எடுத்திருப்பதுதான் இந்தத் தொடரின் மிகப் பெரிய குறை. அடுத்த பகுதியில் போர்ஷின் கோபத்துக்கும் கூச்சத்துக்கும் இடம் தருகிறார்கள், ஆனால் கணக்கு முழுதாகத் தீர்வதில்லை. அந்த விஷயம் உங்களைப் பாதிக்கும் என்றால் அங்கேயே நிறுத்துவதில் தவறே இல்லை.

தாண்டி வந்தால் ஆறாம் பகுதி. இருவர் கையும் ஒரே விலங்கில், சுற்றிலும் காடு. கோட்டில்லை, வீடில்லை, கட்டளையிட ஆளில்லை. பசிக்கும் தண்ணீருக்கும் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டும். முதலாளி, வேலைக்காரன் என்ற வேலி உண்மையிலேயே உடைவது இங்கேதான், நடிகர்கள் இருவரும் இயல்பாக ஒட்டிக்கொள்வதும் இங்கேதான். இதுவும் உங்களைத் தொடவில்லை என்றால் மீதி எட்டுப் பகுதிகளுக்கு நேரம் செலவிட வேண்டாம்.

பிடித்துப்போய் மேலே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: பிற்பாதியில் வேகாஸ் பீட்டை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யும் காட்சிகள் முதல் பகுதிகளை விட எவ்வளவோ கடுமையானவை. யூடியூப் துண்டுகளில் அவர்கள் ஜோடியை மட்டும் பார்த்து இனிமையான காதல் என்று நம்பி வந்தவர்கள் அங்கே அதிர்ந்துபோகிறார்கள்.